பெயர் தெரியாத ஒரு பென்சில் படம்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "காகித ஆலையில் இருக்கீங்க, கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எப்படி வருதுன்னு எழுதுங்களேன்" என்றார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நம்ம ஜூனியர்கள் அரியர் வைத்தாவது அதைப் படித்துவிடுவார்கள். நான் எழுதப் போவதும் காகிதத்தைப் பற்றித்தான். கூடவே அதன் மேல் இருக்கும் சில பென்சில் கோடுகளைப் பற்றியும். ஒரு தாள், அதில் ஒரு மனித உருவம், வரைந்தவர் பெயர் கிடையாது. அப்படி ஒன்று கைக்கு வந்தால் அது யாருடையது, என்ன விலை பெறும், எப்படிக் காப்பாற்றுவது? இந்தக் கேள்வி இப்போது நம் கல்லூரிக்கே வந்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் வேறொரு ஊரில் நடந்தது.

நியூயார்க் நகரத்தில் குவீன்ஸ் என்று ஒரு பகுதி. ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் 'ஹாபிடட் ஃபார் ஹ்யூமானிட்டி' என்ற தொண்டு நிறுவனம் அங்கே பழைய சாமான் கடை ஒன்றை நடத்தி வந்தது. மக்கள் வேண்டாமென்று கொடுக்கும் மேஜை நாற்காலிகளை விற்று வரும் பணத்தில் வீடு கட்டுவார்கள். நம்ம பழைய மூர் மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடையில் ஒருவர் ஒரு படம் வாங்கினார். மல்லாந்து படுத்திருக்கும் ஒரு பெண்ணுருவம், வெறும் கோடுகளால் வரைந்தது. வாங்கியவர் ஓவியங்களைக் கட்டி ஏற்றி இறக்கும் வேலையைப் பகுதி நேரமாகச் செய்து வந்தவர். கண் பழகியிருந்தது. 'இது ஆஸ்திரிய ஓவியர் எகான் ஷீலெ போட்டதாக இருக்குமோ' என்று ஒரு சந்தேகம்.

2018 ஜூன் மாதம் ஜேன் காலிர் என்ற அம்மையாருக்கு அவர் எழுதினார். ஷீலெ வரைந்தது எது, வரையாதது எது என்று சொல்வதில் உலகத்தில் அவர் சொல்லுக்குத்தான் மதிப்பு. அந்த அம்மையாருக்கு இப்படிக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும்; பத்தில் ஒன்பது வீண். இவர் அனுப்பிய புகைப்படமோ மங்கல். "தெளிவான படம் அனுப்புங்கள்" என்று பதில் போட்டார். மனிதர் கிட்டத்தட்ட ஒரு வருஷம் காணாமல் போய்விட்டார்! பிறகு நல்ல புகைப்படம் வந்தது, அதற்குப் பிறகு படமே வந்தது. 2019-ல் காலிர் சொன்ன முடிவு: ஷீலெயேதான், 1918-ல் வரைந்தது. மதிப்பு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் டாலர் வரை. அன்றைய கணக்கில் சுமார் 70 லட்சம் முதல் 1 கோடியே 40 லட்சம் ரூபாய்.

பத்திரிகைகள் இதை லாட்டரிச் சீட்டுக் கதையாக எழுதின. எனக்கு அதில் பிடித்தது வேறு. பெயர் இல்லாத ஒரு தாளை வைத்துக்கொண்டு, 101 வருஷத்துக்கு முன்னால் அதை வரைந்த கை இதுதான் என்று ஒருவர் எப்படிச் சொல்ல முடிகிறது?

ஷீலெயைப் பற்றி நாலு வரி. 1890-ல் வியன்னாவுக்குப் பக்கத்தில் டுல்ன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர். 16 வயதில் வியன்னா கலைக் கழகத்தில் இடம் கிடைத்தது. ஆசிரியர்களோடு ஒத்துவராமல் 1909-ல் வெளியே வந்துவிட்டார். அன்றைய பெரிய ஓவியர் கிளிம்ட் இவரைக் கைதூக்கிவிட்டார். 1918 மார்ச்சில் வியன்னாவில் நடந்த கண்காட்சியில்தான் பெயரும் பணமும் சேர்ந்து வந்தன. அந்த அக்டோபரில் ஸ்பானிஷ் ஃப்ளூ வந்தது. கர்ப்பிணியாக இருந்த மனைவி எடித் 28-ஆம் தேதி இறந்தார், இவர் 31-ஆம் தேதி. வயது 28. அதற்குள் சுமார் 3,000 தாள்களில் வரைந்து வைத்திருந்தார். 3,000 தாள்கள் உலகம் பூராவும் சிதறினால் ஒன்று பழைய சாமான் கடைக்கு வருவதில் ஆச்சரியமில்லை.

இப்போது சாட்சியங்களைப் பார்ப்போம். முதலாவது கோடு. படுத்திருக்கும் உடம்பைக் கால் பக்கத்திலிருந்தோ தலைப் பக்கத்திலிருந்தோ பார்த்தால் நீளம் குறுகித் தெரியும். விலா எலும்புக் கூடும் முகமும் மூக்கு நுனியும் ஒன்றுக்குள் ஒன்று மடங்கிக் கிடக்கும். ட்ராயிங் ஹாலில் மினி டிராஃப்டரைப் பிடித்துக்கொண்டு ஐசோமெட்ரிக் வியூ போட்டு வியர்த்தவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். நமக்கு அளவுகோல் இருந்தது, அழிப்பான் இருந்தது. ஷீலெ அழிப்பானைத் தொடமாட்டார் என்று உடனிருந்து பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். காலிர் அம்மையாரின் கண்ணுக்கு முதலில் பட்டது அந்தக் குறுகலை அநாயாசமாகப் போட்ட கை. இரண்டாவது, தாளும் பென்சிலும் ஷீலெ வழக்கமாகப் பயன்படுத்திய வகை. மூன்றாவதுதான் கெட்டியான சாட்சி. அந்தப் பெண் ஷீலெயின் 20-க்கும் மேற்பட்ட வேறு படங்களிலும் இருக்கிறாள். அவற்றில் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில், மற்றொன்று வியன்னா லியோபோல்ட் மியூசியத்தில். குவீன்ஸ் படமும் அந்த இரண்டும் ஒரே நாளில், ஒரே அமர்வில் வரைந்தவையாக இருக்க வேண்டும் என்பது காலிரின் முடிவு.

அந்த ஒப்பீடு சும்மா வந்துவிடவில்லை. ஜேனின் தாத்தா ஓட்டோ காலிர் வியன்னாவில் கலைக்கூடம் நடத்தியவர். ஷீலெயின் ஓவியங்களுக்கு 1930-லேயே ஒரு பட்டியல் போட்டார். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது யூதரான அவர் தப்பி ஓடினார்; 1939-ல் நியூயார்க்கில் மறுபடியும் கடை திறந்தார். பேத்தி அந்த வேலையைத் தொடர்ந்து, வரைபடங்கள் எல்லாவற்றையும் சேர்த்த முழுப் பட்டியலை 1990-ல் வெளியிட்டார். இரண்டு தலைமுறை, அறுபது வருஷம். நம்ம பாஷையில் சொன்னால், காலிபரேஷன் செய்த கேஜ் கையில் இருந்ததால்தான் அளக்க முடிந்தது.

கையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் வித்தை பழசு. 19-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ஜொவான்னி மொரெல்லி என்று ஒருவர். படித்தது மருத்துவம். முகபாவத்தையும் கை ஜாடையையும் பார்க்காதே, அதையெல்லாம் காப்பியடிக்கிறவன் கவனமாகப் போட்டுவிடுவான். காது மடலையும் விரல் நகத்தையும் பார் என்றார். அங்கேதான் ஓவியன் யோசிக்காமல் பழக்கத்தில் கை ஓட்டுகிறான். நம் எல்லோருக்கும் இது தெரியும். ஹாஸ்டலில் ரிக்கார்ட் நோட் எழுதிக் கொடுத்தவன் யாரென்று அவன் போடும் 'ழ'வை வைத்தே வாத்தியார்கள் கண்டுபிடிக்கவில்லையா?

ஆனால் கண் ஏமாறும். எல்மிர் த ஹோரி என்ற ஹங்கேரிக்காரர் மத்தீஸ், மோடிலியானி பெயரில் உருவப் படங்களாக வரைந்து தள்ளி, அமெரிக்காவில் பெரிய பெரிய இடங்களிலேயே விற்றார். எண்ணெய் வண்ண ஓவியத்தைவிடக் கோட்டுப் படம் போலி செய்கிறவனுக்கு வசதி. வண்ணக் குழம்பு இல்லை, அதனால் ரசாயனச் சோதனையில் மாட்டுவது குறைவு. ஒரு பழைய தாள் கிடைத்தால் போதும். பழைய புத்தகங்களின் முன்னாலும் பின்னாலும் இருக்கும் வெற்றுத் தாள்களைக் கிழித்து அதில் வரைந்தவர்கள் உண்டு.

இங்கேதான் என் தொழில் வருகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் காகிதம் கந்தல் துணியிலிருந்து வந்தது. லினனும் பருத்தியும் நல்ல நீளமான இழைகள். முந்நூறு வருஷமானாலும் தாள் வெளுப்பாகவே நிற்கும். 1807-ல் இல்லிக் என்ற ஜெர்மானியர், மை பரவாமலிருக்கக் குங்கிலியத்தையும் படிகாரத்தையும் கூழிலேயே கலக்கும் முறையை வெளியிட்டார். 1840-களில் கெல்லர் என்ற இன்னொரு ஜெர்மானியர் மரத்தை அரைத்துக் கூழாக்கினார். காகிதம் மலிவானது; எல்லோரும் பத்திரிகை படித்தார்கள், பள்ளிக்கூடம் போனார்கள். குறை சொல்வதற்கில்லை. ஆனால் படிகாரம் ஈரத்தோடு சேர்ந்து மெல்ல மெல்ல அமிலம் தருகிறது. அமிலம் செல்லுலோஸ் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக வெட்டுகிறது. மரத்திலுள்ள லிக்னின் வெளிச்சம் பட்டு மஞ்சளாகிறது. வீட்டில் அலமாரித் தட்டில் விரித்த பழைய செய்தித்தாளை எடுத்துப் பாருங்கள், கையோடு அப்பளமாக நொறுங்கும். 1950-களில் வில்லியம் பாரோ என்ற அமெரிக்கர் ஏராளமான பழைய புத்தகத் தாள்களைச் சோதித்து, காலம் குற்றவாளி அல்ல, அமிலம்தான் குற்றவாளி என்று காட்டினார். நவீன ஓவியம் பிறந்தது சரியாக இந்த மட்டமான காகித யுகத்தில். ஓவியர்களும் கையில் கிடைத்த தாளில் வரைந்தார்கள். ஆகவே இவர்களுடைய படங்கள் ராஜா ராணி காலத்துப் படங்களைவிடச் சீக்கிரம் சாகக்கூடியவை.

காகிதம் சாட்சியும் சொல்லும். 1950-ஐ ஒட்டிய காலத்திலிருந்து காகித ஆலைகள் ஒளிர்வூட்டி என்ற சாயத்தைச் சேர்க்க ஆரம்பித்தன, சலவைக்கு நீலம் போடுகிற மாதிரி. புற ஊதா விளக்கில் அந்தத் தாள் நீலமாகப் பளீரென்று எரியும். ரூபாய் நோட்டு சோதிக்கும் விளக்கே போதும். '1918' என்று தேதி போட்ட படத்தின் தாள் அப்படி எரிந்தால் அங்கேயே கதை முடிந்தது. எரியவில்லை என்றால்? அப்போது எதுவும் நிரூபணம் ஆகவில்லை. ஏனென்றால் ஓவியர்களுக்கான நல்ல தாள்கள் பலவற்றில் இன்றும் ஒளிர்வூட்டி கிடையாது. போலிக்காரன் பழைய தாளும் வாங்கியிருக்கலாம். நீரெழுத்து, தாளின் நெசவு, ஓரம் வெட்டிய விதம் எல்லாமே இப்படித்தான். 'இல்லை' என்று அடித்துச் சொல்ல உதவும். 'ஆம்' என்று சொல்ல உதவாது. சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் ஓவியன் பெயர் அச்சடித்து வரும் என்று நினைக்கிற நண்பர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்தது கைமாறிய வரலாறு. வீட்டு மனை வாங்கும்போது மூலப் பத்திரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் என்று பார்க்கிறோம் அல்லவா? படத்துக்கும் அப்படித்தான், படத்தின் பத்திரம் பெரும்பாலும் அதன் முதுகில் இருக்கிறது. சேகரித்தவரின் முத்திரை, கண்காட்சிச் சீட்டு, கடைக்காரர் எண்.

ஷீலெ படங்களிலேயே இதற்கு வேதனையான உதாரணம் உண்டு. ஃப்ரிட்ஸ் க்ரூன்பாம் வியன்னாவின் பிரபல மேடை நகைச்சுவைக் கலைஞர். அவரிடம் 81 ஷீலெ படைப்புகள் இருந்தன. 1938-ல் நாஜிகள் அவரைக் கைது செய்தார்கள். வீட்டிலிருந்த கலைப்பொருட்களுக்குப் பட்டியல் எழுதினார்கள். 1941 ஜனவரியில் டாக்காவ் முகாமில் இறந்தார். அடுத்த ஆண்டு மனைவி எலிசபெத்தும் கொல்லப்பட்டார். 1956-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் ஒரு கடையில் அந்தப் படங்களில் பல விற்பனைக்கு வந்தன. பலவற்றை வாங்கியவர் யார் தெரியுமா? அதே ஓட்டோ காலிர். அவர் கை வழியாக அவை அமெரிக்க மியூசியங்களுக்குப் போயின. வாரிசுகள் பல வருஷம் வழக்காடி, 2018-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் இரண்டு படங்களுக்குத் தீர்ப்புப் பெற்றார்கள். 2023 செப்டம்பரில் மேலும் ஏழு படங்கள் திரும்பக் கிடைத்தன. வரைந்தவர் ஷீலெதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சொந்தக்காரர் யார் என்பதில்தான் அத்தனை வருஷமும் சண்டை. பெயர் தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்ததாகாது.

பத்திரத்திலும் போலி உண்டு. இங்கிலாந்தில் ஜான் மையட் என்ற ஓவியர் ஜியாக்கொமெட்டி முதலான நவீன ஓவியர்களைப் போல வரைந்து கொடுப்பார். கூட்டாளி ஜான் ட்ரூ அதற்கு ஒரு பூர்வீகத்தைத் தயாரிப்பார். எப்படி? லண்டனில் பெரிய ஆவணக் காப்பகங்களுக்கு ஆராய்ச்சியாளர் போலப் போய், பழைய கண்காட்சிக் கோப்புகளுக்குள் போலி ஆவணங்களைச் செருகி வைத்துவிடுவார். பிற்பாடு சந்தேகப்பட்டு யாராவது போய்த் தேடினால், ஆவணம் அங்கேயே இருக்கும்! சுமார் 200 படங்கள். 1995-ல் மையட் பிடிபட்டார், 1999-ல் ட்ரூவுக்கு ஆறு வருஷம் சிறை. இந்தக் கதையை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

சரி, நம் கல்லூரிக்கு வருவோம். பொன்விழாக் கட்டடத்துக்காக நூலக மாடியிலிருந்த பழைய சாமான் அறையைக் காலி செய்தபோது, உடைந்த ட்ராயிங் போர்டுகளுக்கு நடுவில் சட்டம் போட்ட ஒரு படம் கிடைத்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். முக்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு வயதானவர். 22 அங்குலத்துக்கு 15 அங்குலம், அதாவது அரை இம்பீரியல் தாள். பென்சில் கோடு, தோளிலும் முழங்காலிலும் கரித்துண்டால் தேய்த்த நிழல். முகத்துக்கு நாலைந்து கோடுதான். உடம்பு வேண்டுமென்றே நீட்டப்பட்டிருக்கிறது, தலை சிறிது, இடது பாதத்தை முடிக்கவே இல்லை. முடிக்காதது சோம்பேறித்தனத்தால் அல்ல என்று பார்த்தவுடன் தெரிகிறது. போட்டோ மாதிரி இருக்க வேண்டும் என்ற கவலையை விட்டுவிட்ட ஒருவர் போட்டது. கையெழுத்து இல்லை.

காகிதக்காரன் என்பதால் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். சங்கக் கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, "லாமினேட் பண்ணி ரிசப்ஷனில் மாட்டிடலாம்." இன்னொன்று, சென்னை ஓவியர் ஒருவரின் பெரிய பெயரைச் சொல்லி, "அவரோடதுதான், ஏலம் விட்டா ஸ்காலர்ஷிப் நிதிக்கு ஆகும்." இரண்டுமே நல்ல மனசோடு சொன்னவைதான். இரண்டையும் நான் எதிர்த்தேன். அந்தப் பெரிய பெயரையும் இங்கே எழுத மாட்டேன். ட்ரூ கதை ஞாபகமிருக்கிறதா? நாளைக்கு யாராவது இந்த மலரைக் காட்டி, 'கல்லூரி மலரிலேயே அச்சாகியிருக்கிறது' என்பார்கள். அச்சில் வந்த ஒரு ஊகம் இருபது வருஷத்தில் ஆவணமாகிவிடும்.

சென்னைப் பெயர் வந்ததில் நியாயம் இருக்கிறது. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கியது சென்னை ஓவியப் பள்ளி. 1929-லிருந்து 1957 வரை தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமை. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். அவருக்குப் பிறகு கே.சி.எஸ். பணிக்கர். 1966-ல் அவர் முன்னின்று சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானது. தனபால், சந்தானராஜ், முனுசாமி, ஆதிமூலம் என்று கோட்டையே தங்கள் மொழியாக வைத்திருந்த ஒரு வரிசை அங்கிருந்து வந்தது. நம்ம படத்தின் சட்டத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்த பிரேம் கடைச் சீட்டு பாதி கிழிந்துவிட்டது. மீதியில் 'மெட்ராஸ் - 3' என்று படிக்க முடிகிறது. ஓவியக் கல்லூரி இருக்கும் பெரியமேட்டுக்கும் அதே 3-தான். தொலைபேசி எண்ணில் 5 இலக்கம் மட்டுமே. ஆகவே ஏழு, எட்டு இலக்கம் வந்த பிறகு ஒட்டியதல்ல. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்க் டவுனுக்கும் 3-தான். சீட்டு சொல்வது சட்டத்தின் வயதை, படத்தின் வயதை அல்ல.

இங்கே ஷீலெ படத்துக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம். ஷீலெயின் அறையில் மாடல் ஒருத்தி, வரைந்தவர் ஒருவர். அதே பெண், அதே அமர்வு என்று காட்டிவிட்டால் கை யாருடையது என்று தெரிந்துவிடும். ஓவியப் பள்ளியின் வகுப்பில் அப்படியா? நடுவில் முக்காலியில் ஒரு பெரியவர் உட்காருவார், சுற்றி ஒரு வகுப்பே உட்கார்ந்து வரையும். அதே பெரியவர், அதே முக்காலி, அதே தாள், அதே பென்சில், ஒரே ஆசிரியரிடம் கற்ற கோடு. கை மட்டும் பத்துப் பதினைந்து. நாளைக்கே ஒரு புகழ்பெற்ற ஓவியரின் மாணவப் பருவத்துப் படத்தில் இதே பெரியவர் கிடைத்தாலும், அன்றைக்குப் பக்கத்து பெஞ்சில் இருந்தவர் போட்டது இது என்பதற்கும் அதே அளவு வாய்ப்பு உண்டு. நியூயார்க்கில் முடிச்சை அவிழ்த்த சாட்சியமே இங்கே முடிச்சை இறுக்குகிறது. தாளின் பின்பக்கம் பென்சிலில் '14' என்று ஒரு எண் இருக்கிறது. கண்காட்சி வரிசை எண்ணா, பிரேம் கடைக்காரர் போட்டதா, ரோல் நம்பரா? ரோல் நம்பராக இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஆசை. ஆசை சாட்சியமாகாது.

ஏலக் கம்பெனிகள் இந்த விஷயத்தில் சாமர்த்தியசாலிகள். 'இன்னார் வரைந்தது' என்றால் ஒரு விலை. 'இன்னாருடையது எனக் கருதப்படுகிறது' என்றால் விலை சரியும். 'இன்னாரைச் சார்ந்த வட்டம்', 'இன்னார் பாணி' என்று போகப் போகப் படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் அவர்கள் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் விளக்கம் இருக்கும். வாங்குகிறவர் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். நம்ம படத்துக்கு இன்றைக்கு நேர்மையாகச் சொல்லக்கூடிய வாசகம்: 'பெயர் தெரியாத ஓவியர், சென்னைப் பள்ளியைச் சார்ந்ததாக இருக்கலாம்.' அந்த 'லாம்' விலையைக் குறைக்கும்தான். இருக்கட்டும்.

லாமினேஷனுக்கு வருகிறேன். கடையில் செய்யும் லாமினேஷன் என்பது நூறு டிகிரிக்கும் மேலான சூட்டில் பிளாஸ்டிக் பசையை உருக்கித் தாளின் இழைக்குள் இறக்குவது. தாளுக்குச் சேதமில்லாமல் அதைப் பிரிக்க வழி கிடையாது. கரித்துண்டின் தூள் பசையில் ஒட்டி மினுமினுக்கும். அமிலம் உள்ளேயே அடைபட்டுத் தன் வேலையைத் தொடரும். பின்பக்கத்து '14'-ஐ இனி எந்தக் கருவியும் நேரடியாகத் தொட முடியாது. விவரம் தெரிந்தவர்களும் ஒரு காலத்தில் இதைச் செய்திருக்கிறார்கள். முன்னே சொன்ன பாரோவே அசிடேட் தாளைச் சூடாக்கி ஒட்டும் முறையைப் பரப்பியவர். தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் 1950-களில் சூடு இல்லாமல் அசிட்டோன் தடவி ஒட்டும் முறையைக் கண்டுபிடித்தார்கள்; கோயல் முறை என்று வெளிநாட்டுப் புத்தகங்களிலும் அதற்குப் பெயர். உதிர்ந்து போகவிருந்த ஆவணங்களுக்கு அன்று அதுதான் மருந்து. பிற்பாடுதான், ஒட்டியதைக் கழற்றுவது எவ்வளவு பெரிய பாடு என்று தெரிந்தது. அதனால் இப்போது பாதுகாப்புத் துறையில் முதல் கேள்வியே, 'செய்வதைத் திரும்ப எடுக்க முடியுமா?' என்பதுதான். கோதுமை ஸ்டார்ச் பசையும் ஜப்பானிய மெல்லிய காகிதமும் அவர்களுக்குப் பிடித்ததற்குக் காரணம் அது. கொஞ்சம் ஈரம் காட்டினால் விட்டுவிடும்.

படத்துக்கு உண்மையான எதிரிகள் சட்டத்துக்குள்ளேயே இருந்தன. பின்னால் பிளைவுட், அதிலிருந்து வரும் அமில ஆவி. முன்னால் மட்டமான அட்டை. அதன் ஜன்னல் ஓரம் பட்ட இடத்தில் தாள் காபிக் கறை மாதிரிப் பழுப்பாகியிருக்கிறது. நாலு மூலையிலும் செலோ டேப். டேப் காய்ந்து உதிர்ந்துவிட்டது, பசை மட்டும் தாளுக்குள் இறங்கி மஞ்சள் சதுரமாக நிற்கிறது. கண்ணாடி நேராகப் படத்தின் மேலேயே உட்கார்ந்திருந்ததால் ஈரம் கோத்து, வலது பக்கம் செம்புள்ளிகள். விளக்கில் பார்த்ததில் அட்டை பளீரென்று எரிந்தது, தாள் எரியவில்லை. அதற்கு என்ன அர்த்தம், என்ன அர்த்தம் இல்லை என்று மேலேயே சொல்லிவிட்டேன். அமிலம் பார்க்கும் பேனாவை அட்டையில் மட்டும் வைத்தேன். அது அழியாத கறை விடும், படத்தில் வைக்கக் கூடாது.

புள்ளிகளைப் பிரெட் துண்டால் தேய்க்கலாம், பிளீச்சிங் போடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். பிரெட் துகள் பூச்சிக்கு விருந்து. பிளீச்சிங் முதல் வருஷம் வெள்ளையாக்கும், தங்கிப்போன மிச்சம் அடுத்த பத்து வருஷம் தாளை அரிக்கும். கரித்துண்டு இருப்பதால் பாலியெஸ்டர் உறையும் கூடாது. அதன் நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும். நாம் செய்யக்கூடியது சட்டத்தைப் பிரித்து, அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் படுக்கை வசமாக வைப்பது, அவ்வளவுதான். மீதி, பயிற்சி பெற்ற கை செய்ய வேண்டியது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே ரசாயனப் பாதுகாப்புக் கூடம் தொடங்கினார்கள், பரமசிவன் என்ற அறிஞர் தலைமையில். வெண்கலச் சிலைகளின் களிம்பை மின்பகுப்பு முறையில் நீக்கிப் பெயர் வாங்கிய இடம் அது. லக்னோவில் மத்திய அரசின் ஆய்வுக்கூடம் 1976-ல் வந்தது. அப்படிப்பட்ட இடங்களில் கேட்டு எழுதத் தீர்மானித்திருக்கிறோம்.

"பெட்டியில் பூட்டி வச்சா யார் பார்ப்பா?" என்று ஒரு சீனியர் கேட்டார். நியாயமான கேள்வி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். காகிதப் படங்களுக்கு மியூசியங்கள் அனுமதிக்கும் வெளிச்சம் 50 லக்ஸ். தினம் 8 மணி நேரம், 90 நாள் காட்சிக்கு வைத்தால் 36,000 லக்ஸ்-மணி. நம் ரிசப்ஷன் வராந்தாவில் நேர் வெயில் படாத சுவரிலேயே பகலில் 1,000 லக்ஸ் சாதாரணமாக வரும். தினம் 9 மணி நேரம் என்றால் நாலே நாளில் அதே 36,000. மூன்று மாத அனுமதியை நாலு நாளில் செலவழித்துவிடுவோம். பென்சிலும் கரியும் கார்பன், மங்காது. தாள் கருக்கும், கடைசியில் பழுப்புத் தாளில் கறுப்புக் கோடு கண்ணுக்கே தெரியாது. ஆகவே ரிசப்ஷனில் இப்போது மாட்டியிருப்பது நல்ல புகைப்படப் பிரதி. சங்கமத்தன்று மட்டும் மாலை 4 மணியிலிருந்து 6 மணி வரை, நூலகத்தின் உள்ளறையில், திரை போட்டு அசலைக் காட்டுகிறோம். ஃபிளாஷ் வேண்டாம். பக்கத்திலேயே பழைய சட்டத்தையும் பிரேம் கடைச் சீட்டையும் வைத்திருக்கிறோம். தூக்கிப் போடப் போன சட்டத்தைக் காப்பாற்றியவர் நூலக உதவியாளர், அவரைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தப் படம் நம் கல்லூரிக்கு எப்படி வந்தது? ஸ்டாக் ரிஜிஸ்தரில் பதிவு இல்லை. யாரோ அன்பளிப்பாகக் கொடுத்திருக்கலாம், நமக்கு ஃப்ரீஹாண்ட் ட்ராயிங் எடுத்த வாத்தியார் யாராவது கொண்டுவந்து மாட்டியிருக்கலாம், அந்த வாத்தியாரே வரைந்ததாகக்கூட இருக்கலாம். 1960-களிலும் 70-களிலும் படித்த பெரியவர்கள், இதை எந்தச் சுவரில் பார்த்தீர்கள் என்று ஞாபகமிருந்தால் எழுதுங்கள். நீங்கள் பார்த்த ஆண்டை அவசியம் குறிப்பிடுங்கள். நிச்சயமில்லை என்றால் 'நிச்சயமில்லை' என்றே எழுதுங்கள். பழைய குரூப் போட்டோக்களை எடுத்து, இந்த ஒருமுறை மட்டும் முகங்களை விட்டுவிட்டுப் பின்சுவரைப் பாருங்கள். ட்ராயிங் ஹால், முதல்வர் அறை, மெஸ் கூடம், எதுவானாலும் சரி. ஓரத்தில் பாதிச் சட்டம் தெரிந்தாலும் போதும். போட்டோவை வெட்டாமல், பின்பக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள்.